தொட்டிப் பாசியும் குடத்துத் தண்ணீரும்

சாயல்குடியில் வண்ணமீன் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர் மீனைப் பற்றி யோசிக்கும் முன் தண்ணீரைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றில் ஊறுவது பெரும்பாலும் உவர். காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற நாளில் வரும். ஊருணியில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் சில மாதம் கிடக்கும். மிச்ச நாளெல்லாம் குடம் இத்தனை ரூபாய் என்று வாங்குவதுதான். பக்கத்து நரிப்பையூரில் நாளுக்கு 38 லட்சம் லிட்டர் குடிநீர் எடுக்கும் திறனில் உப்பு நீக்கும் ஆலை கட்ட வேண்டி வந்த பகுதி இது. இந்த அவையில் இருப்பவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

செடி வைத்த நன்னீர்த் தொட்டியில் பாசி படிந்தால் என்ன செய்வது என்று கேட்டால், கடைக்காரரும் கையேடும் சொல்லும் முதல் பதில்: வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றுங்கள். இரண்டடித் தொட்டி சுமார் அறுபது லிட்டர் பிடிக்கும். பாதி என்றால் முப்பது, அதாவது இரண்டு குடம். வாரா வாரம் இரண்டு குடம் நல்ல தண்ணீரை மீனுக்கு ஊற்றிவிட்டுப் பழையதைச் சாக்கடையில் விட்டால் இந்த ஊரில் எந்த வீட்டில் பொறுத்துக்கொள்வார்கள்? குழாயைத் திறந்தால் கொட்டுகிற ஊர்க்காரர்கள் எழுதிவைத்த யோசனை அது. யோசனையில் பிழையில்லை, இங்கே கட்டுப்படியாகாது, அவ்வளவுதான். தண்ணீரை அதிகம் செலவழிக்காமல் பாசியை அடக்க வழி உண்டா என்பதே இந்த உரையின் விஷயம். உண்டு. ஆனால் அதற்குச் செடியைப் பற்றியும் வெளிச்சத்தைப் பற்றியும் பேச வேண்டும்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடலாம். பாசியே இல்லாத தொட்டி உலகத்தில் எங்கும் கிடையாது. செடியின் வேரில், மீன் வந்த பையில், காற்றுத் தூசியில்கூட அதன் வித்துகள் வந்து சேரும். இந்தியப் பாசியியலின் தந்தை எனப்படும் எம்.ஓ.பி. அய்யங்கார் (1886–1963) சென்னையில் இருந்துகொண்டு குட்டை குட்டையாகத் தேடியவர். நம் மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவுத் தாவரங்களைப் பற்றி 1927-இல் எழுதியவர். வற்றிக்கொண்டிருக்கும் மழைக்குட்டையின் ஈரமண்ணில் வாழும் பாசி ஒன்றுக்கு 1932-இல் தம் லண்டன் ஆசிரியர் ஃபிரிட்சைச் சிறப்பிக்க ஃபிரிட்சியெல்லா என்று பெயர் வைத்தார். குட்டை வற்றினாலும் குடித்தனத்தை விடாத உயிர்களின் கூட்டம் இது. அதை வீட்டுத் தொட்டியில் வேரறுப்பது நடக்கிற காரியமில்லை. கண்ணில் படாத அளவில் வைத்திருப்பது நடக்கும்.

தொட்டிப் பாசிக்கும் செடித் தொட்டிக்கும் ஒரே வயது. லண்டன் மருந்தாளுநர் சங்கத்தில் வேதியியலாளராக இருந்த ராபர்ட் வாரிங்டன் 1849-50 வாக்கில் ஒரு கண்ணாடித் தொட்டியில் இரண்டு சிறு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா செடியையும் வைத்தார். மீன் விடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொள்ளும், செடி விடும் பிராணவாயுவை மீன் எடுத்துக்கொள்ளும், தண்ணீரை மாற்றவே வேண்டியதில்லை என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் பழைய இலைகள் அழுகத் தொடங்கின. கண்ணாடியிலும் இலையிலும் பச்சை வழுவழுப்பு ஏறியது. அவர் குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். நத்தைகள் அழுகலையும் பாசியையும் மேய்ந்தன, அவற்றின் முட்டை மீனுக்கு இரையானது, தண்ணீர் தெளிந்தது. தண்ணீர்ப் பஞ்சம் இல்லாத லண்டனில் செய்த சோதனைதான். என்றாலும் அதன் அருமை தெரிந்தவர்கள் சாயல்குடிக்காரர்களாகத்தான் இருக்க முடியும்.

வாரிங்டனின் தொட்டியில் கவனிக்க வேண்டியது நத்தையைவிட அழுகிய இலை. செடிக்கும் பாசிக்கும் சாப்பாடு ஒன்றே: வெளிச்சம், கரியமில வாயு, தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கொஞ்சம் இரும்பு. ஒரே பந்தியில் இரண்டு கூட்டம் உட்கார வந்திருக்கிறது. முதலில் உட்கார்ந்தவருக்கே இலை. வேரூன்றி வளர்ந்துகொண்டிருக்கும் செடி நிறைந்த தொட்டியில் பாசி நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். செடி தளர்ந்து, இலை அழுகி, அமோனியா கசிந்ததும் பாசி உட்கார்ந்துவிடும். புதுத் தொட்டியில் நாலே நாலு செடியை நட்டு, நடுவில் ஒரு பெரிய கல்லை வைத்து, மீதியை வெறும் மணலாக விட்டால் பார்க்க அழகாக இருக்கும். மூன்றாவது வாரம் அந்த அழகு முழுக்கப் பாசியாகிவிடும். முதல் நாளே தரையில் முக்கால்வாசியை மறைக்கும் அளவுக்கு, வேகமாக வளரும் செடிகளாகப் பார்த்து நடுவதுதான் மலிவான பாசி மருந்து.

அடுத்தது வெளிச்சம். பாசித் தொல்லைக்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான். சாயல்குடி வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கு ஜன்னலோரம் தொட்டியை வைத்துவிட்டு வேறு எதைச் செய்தாலும் பச்சைத் தண்ணீர்தான் மிஞ்சும். தொட்டியை உள்சுவரோரம் தள்ளி, எல்இடி விளக்கை டைமரில் இணைத்து, முதல் இரண்டு மாதம் நாளுக்கு ஆறு மணி நேரம், செடி பிடித்த பிறகு எட்டு மணி நேரம் என்று வைத்தால் போதும். விருந்தாளி வந்தால் மீனைக் காட்ட இரவு பதினொரு மணிவரை எரியவிடுவது நம் வீடுகளில் வழக்கம். அந்த வெளிச்சத்தைச் செடியால் முழுக்கப் பயன்படுத்த முடியாது. வாயுவும் சத்தும் அதற்குள் தீர்ந்திருக்கும். மிஞ்சிய வெளிச்சத்தை வீணாக்காமல் எடுத்துக்கொள்ளப் பாசி இருக்கிறது.

சத்தைப் பற்றித்தான் பெரிய சண்டை. கனடாவில் ஒண்டாரியோ மாநிலக் காட்டுப் பகுதியில் 226 என்ற எண்ணிட்ட ஏரி ஒன்று உண்டு. டேவிட் ஷிண்ட்லர் என்ற ஆய்வாளரின் குழு 1973-இல் அதன் இடுப்புப் பகுதியில் ஒரு பிளாஸ்டிக் திரையைக் கட்டி ஏரியை இரண்டாக்கியது. இரு பக்கமும் கரிமமும் தழைச்சத்தும் கொட்டினார்கள். ஒரு பக்கம் மட்டும் மணிச்சத்தும் சேர்த்தார்கள். சில வாரங்களில் அந்தப் பக்கம் பச்சைக் குழம்பாகிவிட்டது, மறுபக்கம் தெளிவாகவே இருந்தது. வானிலிருந்து எடுத்த அந்தப் படம் உலகப் புகழ் பெற்றது. சலவைத்தூளில் மணிச்சத்தைத் தரும் பாஸ்பேட்டைக் குறைக்கச் சட்டங்கள் வந்ததற்கு அந்த ஏரி ஒரு காரணம்.

தொட்டி வைப்பவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். பால் சியர்ஸ், கெவின் கான்லின் என்ற இருவர் 1996-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பொட்டாசியம் நைட்ரேட், பொட்டாசியம் சல்பேட், எப்சம் உப்பு, நுண்ணூட்டக் கலவை இவற்றைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், பாஸ்பேட்டை மட்டும் சேர்க்காதீர்கள், மீன் தீவனத்தில் வருகிற கொஞ்சத்தைச் செடியே தின்றுவிடும், பாசி பட்டினி கிடக்கும் என்றார்கள். 'ஏழையின் சொட்டு' என்ற பொருளில் அதற்கு ஒரு வேடிக்கைப் பெயரும் வைத்தார்கள். பலருக்குப் பலித்தது. அடுத்த பத்தாண்டுக்குள் டாம் பார் என்ற அமெரிக்கர் நேர் எதிராகச் செய்தார்: செடி அடர்ந்த தொட்டியில் பாஸ்பேட்டை வேண்டுமென்றே கொட்டினார். பாசி வரவில்லை, செடி இன்னும் செழித்தது.

யார் சொன்னது சரி? ஏரியில் மணிச்சத்தைத் தின்ன மிதக்கும் பாசிதான் இருந்தது. தொட்டியில் செடி இருக்கிறது. ஏரிப் பாடத்தைத் தொட்டிக்கு அப்படியே கொண்டுவந்தது அவசரம். பாஸ்பேட் சுத்தமாக இல்லாமல் போனால் செடி நின்றுவிடும். அனுபியாஸ் போன்ற மெதுவாக வளரும் செடியின் அகன்ற இலையில் ஊசிமுனைப் பச்சைப் புள்ளிகள் ஒட்டிக்கொள்ளும். நகத்தால் சுரண்டினாலும் அவை போகா. சத்தைக் குறைத்துப் பாசியைக் கொல்வது என்ற வழி, எலிக்குப் பயந்து வீட்டில் சமைக்காமல் இருப்பதைவிடப் பெரிய புத்திசாலித்தனம் இல்லை.

அந்தச் சத்துக்கு விலை உயர்ந்த வெளிநாட்டுப் புட்டி வேண்டாம். முண்டு மிளகாய் போடுகிற ஊரில் உரக்கடைக்கா பஞ்சம்? 13-0-45 என்று அச்சிட்ட பை பொட்டாசியம் நைட்ரேட். 0-52-34 என்பது பாஸ்பேட் உப்பு. நூறு லிட்டர் தண்ணீரில் முந்தையதில் ஒரு கிராம் கரைத்தால் லிட்டருக்கு 6 மில்லிகிராம் நைட்ரேட் ஏறும். பிந்தையதில் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு போதும், 0.7 மில்லிகிராம் பாஸ்பேட் கிடைக்கும். இலை வெளுத்து, வளர்ச்சி நின்றிருக்கும்போது மட்டும் இது தேவை. மீன் நிறைந்த தொட்டியில் தீவனமே உரமாகிவிடும்.

தீவனம் என்றதும் ஊருணிக்குப் போகலாம். ராமநாதபுரம் மாவட்டத்து ஊருணிகளில் கால் நனைக்கக் கூடாது, குளிக்கக் கூடாது, ஆடுமாடு இறங்கக் கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். பல இடங்களில் அதற்காகவே கம்பிவேலி. மதுரை தானம் அறக்கட்டளை இந்த மாவட்டத்து ஊருணிகளைச் சீரமைத்தபோதும் வரத்துக்கால், கரை, வேலி என்றுதான் வேலை நடந்தது. கட்டுப்பாட்டின் காரணம் சுத்தம் என்றுதான் ஊரில் சொல்வார்கள். நீரியலாளர் பார்த்தால் சாணமும் மூத்திரமும் கொண்டுவரும் அமோனியாவும் மணிச்சத்தும் தடுக்கப்படுகின்றன என்பார். கால் படாததால் அடிவண்டல் கலங்கி அதில் அடைபட்ட மணிச்சத்து மேலே வருவதும் நிற்கிறது. தொட்டிக்கு இதே கட்டுப்பாடுதான். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மேல் தீவனம் கூடாது, வாரம் ஒருநாள் மீனுக்கு விரதம், மணலைத் தேவையில்லாமல் கிளறக் கூடாது. வீட்டில் நாலு பேர் இருந்து நாலு பேரும் தனித்தனியே "பாவம், பசிக்கும்" என்று ஒரு சிட்டிகை போடுவதில்தான் எத்தனையோ தொட்டிகள் பச்சையாகின்றன.

அமெரிக்காவின் டயானா வால்ஸ்டாட் 1999-இல் வெளியிட்ட நூலில் சொன்ன முறை குடத்துத் தண்ணீர்க்காரர்களுக்காகவே எழுதியது போலிருக்கும். அடியில் ஓர் அங்குலம் சாதாரண மண், அதன்மேல் ஓர் அங்குலம் சரளை, நெருக்கமாகச் செடி, குறைவான மீன். தண்ணீர் மாற்றுவது சில மாதங்களுக்கு ஒருமுறை. நைட்ரேட்டைவிட அமோனியாவையே நீர்ச்செடிகள் விரும்பி எடுக்கின்றன என்பதை அவர் ஆய்வுகளோடு எடுத்துக் காட்டினார். மீன் கழிவின் நஞ்சைச் செடியே நேரடியாக உறிஞ்சிவிட்டால் வடிகட்டிக்கும் வேலை குறைவு, பாசிக்கும் தீனி குறைவு. இங்கே செய்யும்போது இரண்டு எச்சரிக்கை. உவர் பூத்த மண்ணும், சாணம் கலந்த வண்டலும் உதவாது. கிளிஞ்சல் கலந்த கடற்கரை மணலைச் சரளைக்குப் பதிலாகப் போட்டால் தண்ணீர் நாளுக்கு நாள் கடினமாகும். எலுமிச்சைச் சாற்றைச் சொட்டினால் நுரைக்கிற மணல் கிளிஞ்சல் மணல்.

கடினத் தண்ணீருக்கு ஏற்ற செடி எது என்று கொளத்தூர் சந்தைவரை போய்த் தேட வேண்டாம். வேலம்பாசி, நீர்ப்பிரமி, ஆரைக்கீரை, கொட்டிக்கிழங்கு, அல்லி என்று நம் கண்மாய்களில் கிடப்பவை வெளிநாட்டுக் கடைகளில் காசுக்கு விற்கும் சரக்கு. வேலம்பாசி கெட்டிக்காரச் செடி. காற்றோடு சமநிலையில் இருக்கும் தண்ணீரில் கரியமில வாயு லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவுதான் இருக்கும். சிலிண்டர் வைக்கிறவர்கள் அதை முப்பதுக்கு ஏற்றுகிறார்கள். சிலிண்டரும் ரெகுலேட்டரும் பல ஆயிரம் ரூபாய். வேலம்பாசிக்கு அது வேண்டாம். கடினத் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே கரிமத்தை எடுத்துக்கொள்ளும், வாயு அருகிப்போனால் மக்காச்சோளம் செய்வதைப் போன்ற ஒளிச்சேர்க்கைக்கு மாறிக்கொள்ளும். நன்றாக வளரும் செடியின் இலையை இரு விரலால் உருவிப் பார்த்தால் சுண்ணாம்பு நெறநெறக்கும்; பைகார்பனேட்டைத் தின்ற மிச்சம் அது. பறவைகள் சரணாலயக் கண்மாய்களில் கைவைக்காமல் செடியை வேறிடத்தில் எடுத்து, படிகாரம் கரைத்த தண்ணீரில் சில மணி நேரம் ஊறப்போட்டு அலசி நட வேண்டும்.

பாசியே ஒட்டாத செடி வேண்டுமென்றால் திசு வளர்ப்புச் செடி கிடைக்கிறது. மூடிய கோப்பையில் ஜெல்லிமேல் முளைத்திருக்கும். அந்த ஜெல்லி பெரும்பாலும் அகர். இந்தியாவில் அகர் தயாரிக்கும் மூலப்பொருளில் முக்கியமானது இந்தக் கரைப் பெண்கள் விரலில் துணி சுற்றி, இடுப்பில் பை கட்டி, பாறையிலிருந்து பறித்துவரும் மரிக்கொழுந்துப் பாசி. அது மதுரைப் பக்கத்து ஆலைகளுக்குப் போகிறது. பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த பாசி சேகரிப்பாளர் லட்சுமி மூர்த்தி 2015-இல் சீகாலஜி விருது வாங்கியது பலருக்கு நினைவிருக்கும். நன்னீர்ப் பாசிக்குப் பயந்து வாங்கும் செடிக்குக் கடல்பாசி படுக்கை போட்டிருக்கிறது.

இனி நோய்க்குறிகள். புதுத் தொட்டியில் வரும் பழுப்புப் படலம் டயாட்டம். விரலால் துடைத்தாலே போகும், சில வாரத்தில் தானாக அடங்கும், மெனக்கெட வேண்டாம். மணல்மேல் பாய் விரித்தாற்போல் படர்ந்து, சேற்று நாற்றம் அடித்து, தாளாக உரிந்து வருவது நீலப்பச்சைப் பாசி. அது உண்மையில் பாக்டீரியா. தண்ணீர் ஓடாத மூலையில் குடியேறும். ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துப் போடச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்கக் கூடாது. தொட்டியின் நல்ல பாக்டீரியாவும் செத்துப்போகும். உரித்தெடுத்துவிட்டு, நீரோட்டத்தை அந்த மூலைக்குத் திருப்பி, மூன்று நாள் தொட்டியைப் போர்வையால் மூடி இருட்டாக்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பலரைத் தொட்டியையே விற்கவைத்தது கருந்தாடிப் பாசி. வடிகட்டியின் வாயிலும் இலை விளிம்பிலும் அரை விரற்கடை நீளத்தில் கறுப்பு மயிர்க்கொத்தாக நிற்கும்; இழுத்தால் இலை கிழியும், மயிர் வராது. கறுப்பாகத் தெரிந்தாலும் இது செம்பாசி இனம். கரியமில வாயு ஒருநாள் ஏறி ஒருநாள் இறங்கும் தொட்டி இதற்குச் சொர்க்கம். சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்ட புட்டியிலிருந்து வாயு விடுகிறவர்கள் இதில் அடிக்கடி மாட்டுகிறார்கள். முதல் வாரம் நுரைத்துக் கொட்டும், மூன்றாம் வாரம் படுத்துவிடும். கல்லையோ இலையையோ வெளியே எடுத்து, மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடை 3 சதவீதத்துக்கு நீர்க்கவைத்துத் தடவி, இரண்டு நிமிடம் விட்டு அலச வேண்டும். ஓரிரு நாளில் கறுப்பு மறைந்து, இளஞ்சிவப்பாகி, பின் வெளுக்கும். அந்தச் சிவப்பு அதன் இனத்தைக் காட்டிக்கொடுக்கும் நிறமி. வெளுத்ததை மீன் தின்றுவிடும். தாமிரம் கலந்த பாசிக்கொல்லி மட்டும் வேண்டாம். இறாலும் நத்தையும் முதலில் சாகும்.

பச்சைத் தண்ணீரை அழகுக்கேடு என்று மட்டும் நினைப்பவர்கள் 2019 செப்டம்பரை நினைத்துப் பார்க்கலாம். பாம்பன், மண்டபம் பக்கம் நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் பெருகிக் கடல் பச்சையாகி, மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. தொட்டி மீனுக்கும் ஆபத்து உண்டு. 30 டிகிரி சூட்டில் நன்னீரில் கரையக்கூடிய பிராணவாயு லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான். பச்சையாகிப்போன தொட்டி பகலில் அதை நிரப்பும், இரவில் அதுவே சுவாசித்துத் தீர்க்கும். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் திறந்தால் உடனே காற்றுக்குழாயைப் போட வேண்டும்.

பாசி தின்னும் பிராணிகளில் ஜப்பானியர் தகாஷி அமானோ (1954–2015) பிரபலமாக்கிய இறாலுக்குப் பெயர் பெரிது. லிஸ்பன் கடல்வாழ் காட்சியகத்தில் 40 மீட்டர் நீளம், 1,60,000 லிட்டர் கொண்ட செடித் தொட்டியை அவர் 2015-இல் அமைத்தார். ஆனால் அந்த இறால் குளிர்ந்த நீரை விரும்புவது. சித்திரை, வைகாசியில் சாயல்குடி தொட்டி முப்பதைத் தாண்டும்போது தாக்குப்பிடிப்பது சந்தேகம். இந்த ஊருக்கு ஏற்றது, எந்த மீன்கடையிலும் மலிவாகக் கிடைக்கும் கறுப்பு மோலி. கடினமான, லேசாக உப்புக் கரிக்கும் தண்ணீரிலும் வாழும், நூல்பாசியைக் கொத்தும், நீர்மேல் படியும் ஏட்டையும் தின்னும். நாலைந்து மோலியும் கொஞ்சம் நத்தையும் போதும்.

குடக் கணக்குக்கு வருவோம். வாரத்தில் சில லிட்டர் ஆவியாகும்; தண்ணீர் போகும், உப்பு தங்கும். குறைந்ததை ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரால் நிரப்பினால் மாதத்துக்கு மாதம் உப்பு ஏறும். ஆகவே குறைந்ததை நிரப்ப மழைத்தண்ணீர் அல்லது ஆர்ஓ தண்ணீர்; மாற்றுவது பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரைக் குடம். எடுத்த தண்ணீரில் தழைச்சத்து இருக்கிறது, கறிவேப்பிலைக்கும் மல்லிகைக்கும் ஊற்றலாம். புதுத் தொட்டியில் முதல் மாதம் மட்டும் இதைவிடத் தாராளமாக மாற்ற வேண்டும். அந்தச் செலவுக்குத் தப்ப வழியில்லை.

கடைசியாக, அலுத்துப்போன தொட்டியை எங்கே கொட்டுவது என்ற கேள்வி. கடைகளில் 'டேங்க் கிளீனர்' என்று விரல் நீளத்தில் விற்கும் மீன் ஓர் அடிக்கு மேல் வளரும். பாசியைவிடத் தீவனத்தையே விரும்பும். தொட்டி கொள்ளாமல் போனதும் ஏரியில் விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நீர்நிலைகளில் அது பெருகி வலையைக் கிழிக்கிறது. நம் வேலம்பாசியும் இப்படி ஒரு பயணம் போயிருக்கிறது. 1950-களின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து அமெரிக்காவுக்கு மீன்தொட்டிச் செடியாகச் சில கட்டுகள் போயின. ஃபுளோரிடாவின் டாம்பா நகர வியாபாரி சரக்கு பிடிக்கவில்லை என்று கால்வாயில் எறிந்தார். பிடித்துக்கொண்டது. இன்றுவரை அந்த மாநிலம் ஏரிகளிலிருந்து அதை எடுக்கக் கோடிக்கணக்கில் செலவழிக்கிறது. சாயல்குடியிலிருந்து மேலச்செல்வனூர், கீழச்செல்வனூர் பறவைகள் சரணாலயம் தூரமில்லை. வீட்டில் வேண்டாம் என்றான மீனும் செடியும் அந்தக் கண்மாய்க்குப் போகக் கூடாது. மீனைக் கடைக்காரரிடமோ இன்னொரு தொட்டிக்காரரிடமோ கொடுத்துவிடலாம். செடியை மொட்டைமாடியில் விரித்து, சருகானதும் எருக்குழியில் போடலாம். சித்திரை வெயிலில் அரை நாள் வேலை.